அழைப்பும் பயிற்சியும்



ஜூன் திங்களில் பள்ளிகள் திறக்கும்போது நம் இல்லங்களில் பேச்செல்லாம் சீருடை, புத்தகம், கட்டணம் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். தலைமையாசிரியரைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் குறையாகவே எழும். அவர் எவ்வாறு உருவானார், யாருடைய துணையோடு அப்பொறுப்பைச் சுமக்கிறார் என்று கேட்பவர் மிகச் சிலரே. இத்திங்கள் அக்கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தேடி, நம் சகோதர சபையாராகிய லூத்தரன் சபையாரின் பள்ளிகளுக்குச் செல்வோம்.

கத்தோலிக்க ஏட்டில் லூத்தரன் பள்ளிகளைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நன்மைகள் நமக்கும் பயன் தருவன என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே நமக்குக் கற்பித்தது. அதற்கும் மேலாக, கத்தோலிக்கப் பள்ளிகள் ஒரு லூத்தரன் ஆசிரியருக்குக் கடன்பட்டிருக்கின்றன. அக்கதையையும் சொல்வோம்.

மடலும் மரக்குடிலும்

1524-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் ஜெர்மன் நகர மன்றத்தாருக்கு ஒரு மடல் எழுதினார். சமயக் குழப்பத்தில் பழைய மடத்துப் பள்ளிகள் மூடப்பட்டு வந்த காலம் அது. குருவாகவோ துறவியாகவோ போகாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பெற்றோர் பலர் எண்ணத் தொடங்கினர். நகரந்தோறும் பள்ளி வேண்டும், சிறுமியரும் கற்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலிலோ, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்கும் பொருட்டே பகுதிகளை அமைத்தார். இல்லமும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே ஊறிய எண்ணம்.

அவ்வெண்ணம் நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706 ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருடைய தோழர் புளூட்சோவும் லூத்தரன் குருக்களே. அங்கே பள்ளிகள் எழுந்தன. பத்தே ஆண்டுகளில், 1716-இல், ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக் கூடமும் எழுந்தது. பள்ளி கட்டுவது எளிது, பள்ளிக்கு ஏற்ற ஆசிரியரைக் கட்டுவதே அரிது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

அதே உணர்வை அமெரிக்க நாட்டிலும் காண்கிறோம். 1839-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலிருந்து குடியேறிய லூத்தரன் மக்கள், மிசூரி மாநிலத்தின் பெர்ரி வட்டாரத்தில் காடு திருத்தினர். தங்களுக்கே நல்ல வீடு இல்லாத அந்த முதல் ஆண்டிலேயே, ஆல்டன்பர்க் என்னும் சிற்றூரில் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு பள்ளிக் குடிலை எழுப்பினர். 1847-இல் சிக்காகோ நகரில் மிசூரி சபைச் சங்கம் அமைந்தபோது, சேர விரும்பும் ஒவ்வொரு பங்கும் தன் குழந்தைகளின் கிறிஸ்தவக் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக விதித்தனர்.

பின்னர் 1864-இல் இல்லினாய் மாநிலத்து அடிசன் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நிலைபெற்றது. அதன் முதல் தலைவர் லிண்டமன் என்பார் மறு ஆண்டே ஆசிரியர்களுக்கென ஒரு திங்களிதழைத் தொடங்கினார். அக்காலத்து லூத்தரன் பள்ளி பெரும்பாலும் ஓர் அறைப் பள்ளி. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்துவார். ஞாயிறன்று ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவைப் பழக்குவதும் பல ஊர்களில் அவர் பொறுப்பே. பரந்த சமவெளியில் தன்னந்தனியாக நின்ற அம்மனிதரின் கைக்கு, கற்பிக்கும் கலையையும் விசுவாச ஊக்கத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது அவ்விதழ். பக்தி மட்டும் போதும் என்று அவர்கள் கருதவில்லை. திறமை மட்டும் போதும் என்றும் கருதவில்லை.

இன்னொரு வழக்கமும் குறிப்பிடத்தக்கது. அச்சபையில் பயிற்சி முடித்த ஆசிரியரைப் பங்கு மக்கள் கூடி, செபித்து, வாக்களித்து, எழுத்து மூலம் அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவர் வேறோர் ஊரில் பணியாற்றிக்கொண்டிருக்கலாம். அவரும் செபித்து, எங்கே தாம் தேவை என்று ஆராய்ந்து, அவ்வழைப்பை ஏற்கிறார் அல்லது பணிவோடு திருப்பி அனுப்புகிறார். ஏற்றால், ஆலயத்தில் வழிபாட்டின்போது அவரைப் பணியில் அமர்த்துகிறார்கள். இன்று அங்கும் எல்லா ஆசிரியரும் இவ்வாறு வருவதில்லை. ஒப்பந்த முறையில் பணிபுரிவோரும் உளர். ஆயினும் கற்பிப்பது வயிற்றுப் பிழைப்பு மட்டுமன்று, தேவ அழைத்தல் என்னும் கொள்கை அங்கே உயிரோடிருக்கிறது.

அரைமணி நேரப் பாடம்

இவ்வாறு உருவான ஓர் ஆசிரியர் சோதனை வேளையில் எப்படி நின்றார் என்பதை இனிக் காண்போம்.

1917-இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஜெர்மன் மொழி பேசுவோர் மீது பகையுணர்ச்சி நாடெங்கும் பரவிற்று. போர் ஓய்ந்த பின்னும் அது ஓயவில்லை. நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் ஒரு சட்டம் இயற்றியது: அரசுப் பள்ளியாயினும் சபைப் பள்ளியாயினும் ஆங்கிலமல்லாத மொழியில் எப்பாடமும் நடத்தலாகாது, எட்டாம் வகுப்பைத் தேறாத பிள்ளைக்கு வேற்று மொழி எதுவும் கற்பிக்கலாகாது. மீறினால் தண்டம் அல்லது சிறை.

அம்மாநிலத்தில் ஹாம்ப்டன் என்னும் ஊரை அடுத்த லூத்தரன் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்பவர் ஆசிரியர். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் ஜெர்மன் மொழியில் செபித்த குடும்பங்கள் அவை. பிள்ளைகள் அம்மொழியை இழந்தால் வீட்டுச் செபத்திலும் ஆலய வழிபாட்டிலும் கலந்துகொள்ள இயலாது. எனவே நண்பகல் இடைவேளையை நீட்டி, ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஜெர்மன் மொழியில் விவிலியக் கதைகளை வாசிக்கக் கற்பித்தனர். அது பள்ளி நேரத்திற்குப் புறம்பானது, ஆதலால் சட்டத்தை மீறியதாகாது என்பது அவர்கள் கருத்து.

1920 மே 25-ஆம் நாள், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்த வேளையில், வட்டார அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் நுழைந்தார். அக்கணமே ஆங்கிலத்திற்கு மாறியிருந்தால் மேயர் தப்பியிருக்கலாம். அவர் மாறவில்லை, பாடம் தொடர்ந்தது. அவருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொகை சிறிதே, கட்டிவிட்டு வாளாவிருந்திருக்கலாம். அவரோ மேல்முறையீடு செய்தார். மாநில உயர் நீதிமன்றம் 1922-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அங்கே அவருக்காக வாதாடியவர் ஆர்தர் மல்லன். அவர் யார் தெரியுமா? ஐரிஷ் வழிவந்த ஒரு கத்தோலிக்கர்! 1923 ஜூன் 4-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எழுவர் மேயர் பக்கம், இருவர் மறுபக்கம். ஆசிரியர் தம் பணியைச் செய்யும் உரிமையையும், பெற்றோர் தம் மக்களின் கல்வியை வகுக்கும் உரிமையையும் அச்சட்டம் காரணமின்றிப் பறிக்கிறது என்று மன்றம் கண்டது.

இதனிடையே ஆரிகன் மாநிலத்தில் வேறொரு புயல் எழுந்தது. எட்டு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்னும் சட்டத்திற்கு 1922-இல் மக்கள் வாக்களித்தனர். கத்தோலிக்கரைப் பகைத்த கூக்ளக்ஸ் கிளான் இயக்கத்தாரும் அதற்குத் துணை நின்றனர். அது நடைமுறைக்கு வந்திருந்தால் அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவுகள் அடைபட்டிருக்கும். இயேசு மரியாயின் திருப்பெயர்கள் சபைக் கன்னியர் வழக்குத் தொடுத்தனர். 1925 ஜூன் முதல் நாள், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளியது. எதன் பலத்தால்? இரண்டாண்டுக்கு முன் மேயருக்கு அளித்த தீர்ப்பைச் சுட்டிக்காட்டியே மன்றம் அவ்வாறு முடிவு செய்தது. லூத்தரன் ஆசிரியருக்காகக் கத்தோலிக்கர் ஒருவர் வாதாடினார். அவ்வழக்கின் பயனைக் கத்தோலிக்கக் கன்னியர் அறுவடை செய்தனர். நாம் சொன்ன கடன் இதுவே.

மேயர் பேரறிஞரோ புகழ்பெற்ற பேச்சாளரோ அல்லர். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். அந்த ஒரு கணத்தில் என்ன செய்வதென்று அவர் நூலைப் புரட்டிப் பார்க்க இயலாது. பல ஆண்டு செபமும் பயிற்சியும், பின்னால் நின்ற பங்கு மக்களின் துணையும் அவரை அக்கணத்திற்கு ஆயத்தம் செய்திருந்தன என்றே நாம் கொள்கிறோம்.

நீதிமன்றம் நுழையாத இடம்

ஆனால் அழைப்பு என்னும் சொல்லுக்கு வேறொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

2012-ஆம் ஆண்டில் அதே உச்ச நீதிமன்றம் மற்றொரு லூத்தரன் பள்ளி வழக்கில் தீர்ப்பளித்தது. அழைக்கப்பட்ட ஆசிரியை ஒருவர் நோயுற்று நெடுநாள் விடுப்பில் இருந்தார். அவர் பணிக்குத் திரும்ப முயன்றபோது பூசல் ஏற்பட்டது. பங்கு அவருடைய அழைப்பைத் திரும்பப் பெற்றது. அவரோ ஊனமுற்றோரைக் காக்கும் சட்டத்தின் துணையை நாடினார். திருப்பணியாளராக அமர்த்தப்பட்ட ஒருவரை வைத்திருப்பதும் விலக்குவதும் சபையின் உரிமை, அதில் அரசு தலையிடலாகாது என்று மன்றம் ஒருமனதாகக் கூறிற்று. 2020-இல் கலிபோர்னியாவின் இரு கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிய வழக்குகளிலும் இந்நெறியே நீண்டது. அவ்வாசிரியைகளுள் ஒருவர் புற்றுநோயால் துன்புற்றவர்.

சபையின் உரிமை காக்கப்பட்டது, நன்று. ஆயினும் சட்டம் ஒதுங்கி நிற்கும் இடத்தில் மனச்சான்று இரு மடங்கு விழித்திருக்க வேண்டுமன்றோ? “இது தேவ அழைத்தல்” என்று சொல்லிக் குறைந்த ஊதியம் கொடுப்பதும், “இது தியாகம்” என்று சொல்லி நோயுற்றவரைக் கைவிடுவதும் அழைத்த ஆண்டவரையே இழிவுபடுத்துவதாகும். யாரைப் பணிக்கு அழைத்தோமோ, அவரைத் தாங்குவதும் நம் கடனே. பள்ளித் தலைவர்கள் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இன்றைய லூத்தரன் பள்ளித் தலைவரின் சுமை மேயரின் சுமையிலும் பலமடங்கு. வரவு செலவு, குழந்தைகளின் பாதுகாப்பு, மாறிவரும் பாடத்திட்டம், பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் அவர் மேசையில் வந்து குவிகின்றன. அங்கே லூத்தரன் பள்ளிகளுக்கென்றே ஓர் அங்கீகார முறை உண்டு. பள்ளி தன்னைத்தானே ஆராய்ந்து எழுத வேண்டும்; வெளியிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். கற்பிக்கும் தரம் மட்டுமன்று, பள்ளி தன் கிறிஸ்தவ நோக்கத்திற்கு உண்மையாய் இருக்கிறதா என்பதும் அங்கே ஆராயப்படுகிறது. ஆலயத்தையும் கரும்பலகையையும் வெவ்வேறாகப் பிரிக்காத பழைய மரபின் தொடர்ச்சியே இது.

நாம் செய்யத்தக்கது

பெற்றோரே குழந்தைகளின் முதல் ஆசிரியர் என்று 1965-இல் நம் பொதுச்சங்கமும் அறிவித்தது. ஆகவே இக்கட்டுரை தலைமையாசிரியர்களுக்கு மட்டுமன்று, குடும்பங்களுக்குமே உரியது.

முதலாவதாக, பள்ளியாண்டின் தொடக்கத்தில் ஞாயிறு திருப்பலியில் நம் பங்கின் ஆசிரியர்களை, நம் பள்ளியில் பணிபுரிவோரையும் அரசுப் பள்ளியில் பணிபுரிவோரையும், முன்னே அழைத்து அவர்களுக்காகச் செபிப்போம். ஊர் அறிய ஒருவரை இறைவனிடம் ஒப்படைக்கும்போது, அவர் தனிமையில் இல்லை என்பதை அவரும் உணர்வார், நாமும் உணர்வோம்.

இரண்டாவதாக, தலைமையாசிரியர் பயிற்சி முகாமுக்கோ தியானத்திற்கோ சென்றால், “பள்ளியை விட்டுவிட்டு எங்கே போனார்?” என்று முணுமுணுக்க வேண்டாம். அரிவாளைத் தீட்டச் செலவிடும் நேரம் அறுவடைக்கு இழப்பன்று. பயிற்சிக்கும் நூலுக்கும் ஆகும் செலவைப் பங்குப் பேரவை மனமுவந்து ஏற்றல் நன்று.

மூன்றாவதாக, குறையிருப்பின் தெருமுனையில் பேசாது அவரிடமே சென்று பேசுவோம். பங்குப் பணியில் நாம் பழகிய தலைமையாசிரியர்களுள், உழைப்பால் சோர்ந்தவர்களைவிடப் புறம்பேச்சால் சோர்ந்தவர்களே அதிகம்.

நான்காவதாக, மறைக்கல்வியைப் பள்ளிக்கே விட்டுவிடாது வீட்டில் தொடர்வோம். ஹாம்ப்டன் ஊர்ப் பெற்றோர் தம் பிள்ளைகளோடு ஒரே மொழியில் செபிக்க வேண்டும் என்பதற்காக ஓர் ஆசிரியர் நீதிமன்றப் படியேறினார். நமக்கோ அத்தடை ஏதுமில்லை. தாய்மொழியில் மாலைச் செபம் சொல்ல எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. தடுப்பது எது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவு தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

தலைமையாசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் அறைக் கதவை யார் எப்போது திறந்துகொண்டு வருவார் என்பதை நீங்கள் அறியீர்கள். வருபவர் கண்ணீரோடு நிற்கும் தாயாகவும் இருக்கலாம், அச்சுறுத்தும் அதிகாரியாகவும் இருக்கலாம். அந்நேரத்தில் கைகொடுப்பது அன்றைய புத்திக்கூர்மை மட்டுமன்று. அதற்கு முன் அமைதியில் செபித்த செபமும் பொறுமையோடு கற்ற கல்வியுமே. இரண்டில் ஒன்றையும் கைவிடாதீர்கள்.

தம் சீடர்களை அழைத்து, மூன்றாண்டுக் காலம் தம்மோடு வைத்துப் பழக்கிய நல்லாசிரியராம் ஆண்டவர், நம் பள்ளிகளையும் அவற்றை நடத்துவோரையும் ஆசீர்வதிப்பாராக!