வேன் கவிழ்ந்தது என்னும் பொய்

‘கட்டுப்பாட்டை இழந்த வேன் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது, தொழிலாளர்கள் பலர் காயம்.’ நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இவ்வாக்கியம் நிரந்தரமாகவே அச்சுக்கோத்து வைக்கப்பட்டிருக்கிறதோ என்று நாம் ஐயுறுவதுண்டு. ஊர்ப்பெயரை மாற்றினால் போதும். துறையூராகலாம், ஒரகடமாகலாம், சேரப்பணஞ்சேரியாகலாம். வாக்கியம் இலக்கணப் பிழையற்றது. பொய் அங்கேதான் பதுங்கியிருக்கிறது.

மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாகப் பிரித்து நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்பது முன்னதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் சான்று. கல் சுமந்தவன் கரிகாலன் அல்லன். ஆயினும் அணை அவன் பெயரில் நிற்கிறது. ஒரகடத்திலும் அப்படித்தான். 2012இல் அங்கே பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது ஏவியவர்கள் யாவர் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனால் அத்தகைய ஆலைகளுக்குச் சுவர் எழுப்பவோ சாக்கடை தோண்டவோ ஆள் ஏற்றிப்போகும் வண்டி கவிழும்போது மட்டும் ஏவுதற் கருத்தா மாயமாகிவிடுகிறார். முதல் தகவல் அறிக்கையில் இயற்றுதற் கருத்தாவான ஓட்டுநர் மட்டும் நிற்கிறார். நாளிதழிலோ அவரும் இல்லை, கருவியாகிய வேனே எழுவாய். ஓட்டுநர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, உயிரிழப்பு நேர்ந்தால் 106. அந்த வண்டியை அமர்த்திய ஒப்பந்தக்காரர் எந்தப் பிரிவில் வருகிறார்? பெரும்பாலும் எதிலுமில்லை.

இத்தகைய விபத்துகளுக்கு உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பில், தனி எண்ணே உண்டு: வி 58. பிக்கப் அல்லது வேனில் சென்றவர் மோதலற்ற விபத்தில் காயமுறுதல். ஓட்டுநர், பயணி, வண்டியின் வெளிப்புறத்தில் இருந்தவர், ஏறுகையில் அல்லது இறங்குகையில் அடிபட்டவர் என உட்பிரிவுகளும் உண்டு. மோதல் இல்லை என்றால் எதிரி இல்லை. ‘எதிரே வந்த லாரி’ என்று கைகாட்ட எதுவும் இல்லை. எஞ்சுவது வண்டி, சுமை, சாலை, அவசரம் ஆகியவைதாம். அதாவது, ஏற்றியனுப்பியவரின் முடிவுகள். ஆகவே மோதலற்ற விபத்தைவிடத் தெளிவாகக் காரணத்தைக் காட்டும் விபத்து வேறில்லை என்பது நம் துணிபு.

2005இல் டாடா ஏஸ் வந்தது. தமிழர் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயரிட்டனர். (பெயரிடுவதில் நம்மவர் என்றும் சளைத்தவரல்லர்.) அதன் பெட்டி சாமான்களுக்கானது. அதிலே சென்ட்ரிங் பலகைகளை அடுக்கி, மேலே பத்துப் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் பாரத்தின் மையம் உயர்ந்துவிடுகிறது. வளைவில் திரும்பும்போது நிற்கும் உடல்கள் யாவும் வெளிப்புறம் சாயும். சுமையே வண்டியைத் தள்ளும். டயர் வெடிக்கலாம், ஒரு நாய் குறுக்கே ஓடலாம். தடுத்துப் பிடிக்கப் பெல்ட்டும் இல்லை, கூரையும் இல்லை. மனிதர் வீசியெறியப்படுகிறார், பலகை அவர்மேல் விழுகிறது. அதே ஒரகடத்தில்தான் வாகனங்களைச் சோதிக்கும் நடுவண் அரசின் ஆய்வு மையம் இருக்கிறது. மோதற் சோதனைக்குரிய பொம்மை, பெல்ட் அணிந்து இருக்கையில் அமர்ந்திருக்கும். பெட்டியில் நின்றபடி பயணம் செய்யும் பொம்மை எந்தச் சோதனையிலும் இல்லை.

2019 ஆகஸ்டில் துறையூர் அருகே சரக்கு வேன் கிணற்றில் கவிழ்ந்து 8 பேர் மாண்டனர். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துச் செம்பரை மலைப்பாதையில் வேன் பள்ளத்தில் உருண்டு பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். 2024 மே மாதம் சத்தீஸ்கரின் கபீர்தாமில் பீடியிலை பறித்துத் திரும்பிய பழங்குடியினர் 19 பேர். அவர்களுள் 18 பேர் பெண்கள். ஒவ்வொன்றின் பின்னும் ‘சரக்கு வாகனங்களில் ஏறாதீர்’ என்று அறிவுரை வழங்கப்பட்டது. இதைவிட அருவருப்பான அறிவுரை வேறில்லை. ஏறாமல் நடந்தா போவார்கள்? பேருந்து கேட்டவர்க்குப் பிரசங்கம் கொடுப்பதை விழிப்புணர்வு என்றழைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

சட்டமும் இவ்விடத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறது: சரக்கு வாகனத்தில் செல்லும் ‘இலவசப் பயணி’. அத்தகையோர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் பல்ஜித் கௌர் வழக்கில், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சற்று இரங்கியது. கூலிக்குப் போகிறவர் இலவசப் பயணியாம்! அவர் தம் அன்றைய உழைப்பைக் கட்டணமாக எடுத்துக்கொண்டல்லவா ஏறுகிறார்? முதலாளியின் சார்பில் இயங்கும் வாகனத்தில் நேரும் விபத்தை வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51சி பிரிவு சொல்லிற்று. ஆனால் அந்தக் கதவு, பதிவேட்டில் பெயருள்ளவர்க்கே திறக்கும். அதிகாலையில் முச்சந்தியில் நின்று, கூப்பிட்ட வண்டியில் ஏறியவர்க்கு ஏது பதிவேடு?

நம் இலக்கியவாதிகளிடமும் ஒரு வழக்கு உண்டு. சாலைச் சாவு நம் சிறுகதைகளில் முடிவைச் சுருக்கும் வசதியாகவே பெரிதும் வருகிறது. கதாசிரியருக்குப் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாதபோது ஒரு லாரி வந்துவிடும். அதற்கு ‘விதி’ என்று ஒரு பூச்சு. விதியின் பெயரால் ஒப்பந்தக்காரரை விடுவிக்கும் பணியைக் காவல்துறை செய்கிறது. கதையும் அதையே செய்ய வேண்டியதில்லை.

செய்தி எழுதுவோரிடம் நாம் கேட்பது மிகச் சிறிது. வண்டியை அமர்த்தியவர் யார், யாருடைய வேலைக்குச் சென்றார்கள், எத்தனை இருக்கை, எத்தனை பேர், இடையில் ஏற்றப்பட்ட சாமான் என்ன? நான்கு வரிகள் கூடும். அதே பக்கத்தின் கீழே வீட்டுமனை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது.