ஜீப்புக்கு டிராக்டர் என்ஜின்: கம்பெனி செய்தால் சாதனை, மெக்கானிக் செய்தால் குற்றமா?

நம் பக்கத்து மெக்கானிக்குகளைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். புகழ்ந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முதலில் போட்டுவிடுகிறேன்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சட்டம் அனுமதிக்காத விதத்தில் தன் வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேஸ் கிட், பேட்டரி கிட் பொருத்த வழி உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்காக மாற்றவும் வழி உண்டு. இரண்டும் நியாயமே. ஆனால் பழைய பெட்ரோல் ஜீப்பில் ஒரு கம்பெனியின் டீசல் என்ஜின், இன்னொரு கம்பெனியின் கியர்பாக்ஸ், ராணுவ ஏலத்தில் எடுத்த ஆக்சில் என்று சேர்த்துக் கட்டிய வண்டிக்கு நடைமுறையில் வழியே இல்லை.

அப்படி ஒரு வண்டி எதற்கு என்று சென்னைக்காரர் கேட்கலாம். சேத்தியாத்தோப்பில் இருப்பவர் கேட்க மாட்டார். வெள்ளாற்றுப் படுகையும் வீராணத்துப் பாசனமும் சேர்ந்த களிமண் பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்குள் இறங்கிய சாதாரண லாரி ஆக்சில் வரை புதைந்துவிடும். கரும்பு வெட்டும் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால், வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுவதற்குள் உயிர் போய்விடும். ஃபோர் வீல் வண்டி புதிதாக வாங்க எத்தனை விவசாயிகளிடம் பணம் இருக்கிறது? ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுப்பார்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாது. மெட்டடார் என்ஜினோ, சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் என்ஜினோ தேடிப் பிடித்து ஏற்றுவார்கள். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இனி கம்பெனி கதைக்கு வருகிறேன். 1947-இல் மகிந்திரா நம் நாட்டில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், அமெரிக்கப் பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏறிய 1970-களில் அதே ஜீப்பில் அவர்கள் ஏற்றியது எது தெரியுமா? இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் குடும்பத்து டீசல் என்ஜின்! பிறகு பிரான்சின் பெஜோ உரிமத்தில் 2,112 சிசி எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின் வந்தது. அமெரிக்க ஜீப்பில் டிராக்டர் என்ஜின், அடுத்து பிரெஞ்சு என்ஜின். கலப்பு வண்டி என்றால் இதைவிடக் கலப்பு ஏது? ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் ராணுவத்துக்காகத் தயாரான ஜோங்காவும் பெட்ரோல் வண்டிதான். ஏலத்தில் எடுத்த பலர் அதில் டீசல் என்ஜின் ஏற்றித்தான் ஓட்டினார்கள்.

கம்பெனி செய்ததைப் பரிசோதித்து அனுமதி கொடுத்தார்கள், மெக்கானிக் செய்ததை யார் பரிசோதித்தது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. என் சண்டையே அங்குதான் தொடங்குகிறது. பரிசோதிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். பரிசோதனைக்கு வழி வைக்காமல் தடை மட்டும் போட்டதைத்தான் எதிர்க்கிறேன்.

கலப்பு வண்டியில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே ஆபத்து என்று தெரிந்தவன் என்பதால்தான் எழுதுகிறேன். மூன்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பிரேக். வேக்கூம் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில், என்ஜின் உறிஞ்சும் காற்றுக்குழாயிலிருந்தே பூஸ்டருக்கு வேக்கூம் கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அந்த உறிஞ்சல் இருக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கூம் பம்ப் தனியாக வேண்டும். அதை மறந்து என்ஜினை மட்டும் மாற்றினால் வண்டி கிளம்பும், ஆனால் பெடலில் ஏறி நின்றால்தான் நிற்கும்.

இரண்டு, ஆக்சில். பழைய சிஜே-3பி ஜீப்பில் கிரவுன், பினியன் பல் விகிதம் 5.38. முன்னால் அதை வைத்துவிட்டு, பின்னால் 4.88 உள்ள வேறொரு ஆக்சிலைப் பூட்டினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்குவதால் தெரியாது. தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டால் முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் உடையும்.

மூன்று, டயர். 28.5 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குலம் போட்டால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி 58-இல் போகும். அதே பிரேக்கின் பிடி தரையில் சுமார் 14 சதவீதம் குறையும்.

இந்த மூன்றையும் நல்ல மெக்கானிக் அறிவார். எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்வார்: "என்ஜின ஏத்துறது ஒரு நாள் வேலை சார். மத்ததெல்லாம் அதுக்கு ஒத்து வர வெக்கிறதுதான் ஒரு மாச வேலை." அதே சிஜே-3பியில் 2,000 சுற்றோடு நிற்கும் டிராக்டர் என்ஜினை ஏற்றி, பழைய டயரும் பழைய ஆக்சிலும் அப்படியே இருந்தால், டாப் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் தேறும். அதை வைத்து யாரும் ரேஸ் ஓட்டப் போவதில்லை.

சட்டம் என்ன பார்க்கிறது? ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணும் என்ஜினில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறது. எண் வேறாக இருந்தால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி குற்றவாளி. விளைவு என்ன? விவரம் தெரிந்த மெக்கானிக் பயந்து அந்த வேலையை விட்டுவிடுகிறார். விவரம் தெரியாதவர் ராத்திரியில் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்கிறார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் தகராறு. அடிபட்டவர் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும். இதுவா பாதுகாப்பு?

நான் நெய்வேலியில் சுரங்க வண்டிகளோடு காலம் தள்ளியவன். தொழிற்சாலைக்குள்ளும் அடைப்புள்ள வளாகத்துக்குள்ளும் மட்டும் ஓடத் தயாரான சிறப்பு வகை வண்டி மோட்டார் வாகனமே இல்லை என்று அதே சட்டத்தின் 2(28) பிரிவு சொல்கிறது. அதனால் சுரங்கத்துக்குள் இஷ்டம்போல் ஓட்டிவிட முடியாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் என்று ஒன்று மேலே உண்டு. பிரேக் பார்க்காத வண்டி ஷிப்டுக்குள் இறங்காது. அங்கே வழி இதுதான்: வித்தியாசமான வண்டி என்றால் கூடுதலாகப் பார். விவசாயியின் வயலுக்கு மதில் சுவர் இல்லை, நடுவில் இரண்டு கிலோமீட்டர் பொது ரோடு இருக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டருக்காக அவரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமா?

வெளிநாட்டிலும் பாருங்கள். பிரிட்டனில் மாற்றிய வண்டிகளுக்கு நெடுங்காலமாக ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. பழைய சேசிஸ் இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு எவ்வளவு? வெறும் 1. எட்டுப் புள்ளி தேறினால் பழைய பதிவு எண்ணே தொடரும். தேறாவிட்டால் அந்த ஒரு வண்டியைத் தனியாகப் பரிசோதித்து வேறு எண் கொடுப்பார்கள். ஜெர்மனியில் டியூவ் பரிசோதகர் பார்த்து மாற்றத்தை வண்டியின் காகிதத்தில் ஏற்றுவார். அங்கெல்லாம் உயிருக்கு மதிப்பில்லையா? நாம் பெரிய குற்றமாக நினைக்கும் என்ஜினுக்கு அவர்கள் கணக்கில் ஒரே ஒரு புள்ளி!

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வசதியான பிள்ளைகள் புது வண்டி வாங்கி, லட்சக்கணக்கில் செலவு செய்து, வண்டியைத் தூக்கி, பெரிய டயர் போட்டு, எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு மாட்டுகிறார்கள். சேற்றுக்குள் ஒருநாளும் இறங்குவதில்லை. அவர்களைக் காட்டித்தான் எல்லோருக்கும் பூட்டுப் போடுகிறார்கள். பிழைப்புக்காக மாற்றுவதையும் பகட்டுக்காக மாற்றுவதையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

புகை விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் தடை தேவையில்லை. ஏறும் என்ஜின் இறங்கும் என்ஜினைவிட அதிகம் புகைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை, உடைப்புக்குப் போகின்றன. உதிரிகள் குறைகின்றன. இந்த வேலை தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. அவர்கள் பிள்ளைகள் ஷோரூமில் ஆயில் மாற்றும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மாற்றிய வண்டியை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க மாவட்டத்துக்கு ஓர் இடம் வையுங்கள். நம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் இருக்கிறது, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. பிரேக், ஆக்சில், ஸ்டீயரிங், வெல்டிங், புகை ஐந்தையும் பாருங்கள். தேறினால் மாற்றிய மெக்கானிக்கின் பெயரோடு ஆர்சியில் ஏற்றுங்கள். விவசாய வண்டிக்கு வேக வரம்பு வையுங்கள். தேறாததைத் தாராளமாக உடைப்புக்கு அனுப்புங்கள், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். பார்க்காமலே குற்றவாளி என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள்.