பழைய யந்திரத்துக்கு மறுவாழ்வு! பழைய தொழிலாளிக்கு?

பம்பு செட் மோட்டார் புகைந்துவிட்டால் எந்த விவசாயியாவது அதைக் குப்பைமேட்டில் வீசுகிறானா? காயில் கட்டி, பேரிங் மாற்றி, மறுபடி கிணற்றடியில் ஓட்டுகிறான். மில்லில் தேய்ந்துபோன ரிங் பிரேமை நமது பிட்டர் தோழர்கள் எத்தனை வருஷம் இழுத்து ஓட்டுகிறார்கள் என்பது முதலாளிக்கே தெரியும். பழையதைப் பழுது பார்த்து ஓட்டும் வித்தையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆனால் இப்போது போதிக்கிறார்கள்! வளர்ந்து வரும் கம்பெனிகளுக்கு இது புது உபதேசம்: பெரிய ஆபீசுகள் மூன்று நான்கு வருஷத்தில் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களை வாங்குங்கள்; உள்ளே இருக்கும் கணக்குகளை அழித்து, பாட்டரியும் கீபோர்டும் மாற்றி, ‘புதுப்பித்தது’ என்று சீட்டு ஒட்டி ஓட்டுங்கள்; முதலும் மிச்சம், பூமியும் பிழைக்கும்.

காரியம் நல்ல காரியம்தான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஒரு மேஜைக் கம்ப்யூட்டரையும் அதன் திரையையும் செய்து முடிக்க 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ ரசாயனமும், 1,500 கிலோ தண்ணீரும் செலவாகின்றன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தார் 2004-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒன்றரை டன் தண்ணீர்! செம்பரம்பாக்கம் ஏரியை அண்டி நாற்று நடும் தாய்மார்களுக்கு அந்தத் தண்ணீரின் விலை தெரியும். கம்ப்யூட்டர் மூன்று வருஷத்துக்குப் பதில் எட்டு வருஷம் ஓடினால் நமக்கு நஷ்டமில்லை.

நாம் கேட்பது வேறு. நன்றாக ஓடுகிற யந்திரத்தைக் ‘கிழடு’ என்று தீர்ப்பெழுதுகிறவன் யார்?

2025 அக்டோபர் 14-ந் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி தனது ‘விண்டோஸ் 10’ மென்பொருளுக்கு அளித்துவந்த சாதாரணப் பாதுகாப்பை நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்களில் மிகப் பலவற்றைப் புதிய ‘விண்டோஸ் 11’ ஏற்றுக்கொள்ளாது. உலகமெங்கும் 24 கோடி கம்ப்யூட்டர்கள் இதனால் குப்பையாகலாம் என்று 2023-லேயே சந்தை ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். யந்திரத்தில் ஒரு திருகாணி கூடக் கழன்றுவிடவில்லை. அமெரிக்காவில் ஒரு கையெழுத்து, இங்கே குப்பைமேடு! இந்த ஆட்டத்துக்குப் பணிய வேண்டிய அவசியமும் இல்லை. கேரளத்துச் சர்க்கார் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளை வைத்துப் பல வருஷமாகப் பாடம் நடத்துகின்றனவே!

மைக்ரோசாப்ட் என்ற பெயர் ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதல்ல. 2006-ல் இங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. சிப்காட் நிலம், வரிச் சலுகை, எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டன. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வேலை செய்தார்கள். அதிலும் இளம்பெண்கள் ஏராளம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. ஆனால் வரித் தகராறைக் காட்டி நமது ஆலையை மட்டும் அந்தப் பேரத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோரிடம் ‘விருப்ப ஓய்வு’ எழுதி வாங்கினார்கள். விருப்பமாம்! இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வெடுக்க விருப்பமாம்! 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை நின்றது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மூடிக் கிடந்த அந்த ஆலையை 2019-ல் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டது, விளக்கு எரிகிறது, லாரிகள் போகின்றன. கூரைக்கும் சுவருக்கும் மறுவாழ்வு கிடைத்தது. ஆட்குறைப்பில் போனவனுக்கு மறுவேலையில் முன்னுரிமை என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அது பழைய முதலாளியை மட்டும்தான் கட்டும்; ‘விருப்ப ஓய்வு’ எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. மதர்போர்டில் ஈயம் வைக்கத் தெரிந்த கைகள், பழுதைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்த கண்கள், இவை எந்தப் ‘புதுப்பிக்கும்’ திட்டத்திலும் சேரவில்லை.

அடுத்த புரட்டுக்கு வருவோம். எத்தனை முறை புதுப்பித்தாலும் ஒரு நாள் யந்திரம் சாகும். அந்தப் பிணத்தை யார் தலையில் கட்டுவது? தயாரிப்பாளனே பொறுப்பு என்கிறது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதி. மறுசுழற்சிக்கு அடிமட்ட விலையாக வீட்டுச் சாமான்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் தர வேண்டும் என்று மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. உடனே சாம்சங், எல்.ஜி., டைக்கின் முதலிய கம்பெனிகள் 2025-ல் டில்லி ஐகோர்ட்டுக்கு ஓடின. செலவு பல மடங்கு ஏறிவிடுமாம். விலை நிர்ணயிப்பது சர்க்காரின் வேலை அல்லவாம்!

யார் இந்தச் சாம்சங்? சுங்குவார்சத்திரத்துப் பக்கத்தில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற அதே சாம்சங்தான். 2024-ல் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு நமது தோழர்கள் 37 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார வேண்டியிருந்ததே, அந்தக் கம்பெனி. தொழிலாளி சங்கம் வைத்தாலும் செலவு, விஷக் குப்பையை அள்ளினாலும் செலவு!

இந்த 22 ரூபாய் யாருடைய மூச்சு என்று பார்க்க வேண்டுமானால் வாலாஜாபாத் சாலையில் ஒதுக்குப்புறமாக இருக்கும் கிடங்குகளுக்கு வாருங்கள். நாம் போன ஒன்றில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே ஏழெட்டு வடநாட்டுப் பிள்ளைகள், நம் பக்கத்துக் காலனிப் பெண்கள் மூன்று பேர். நாற்று வேலை இல்லாத நாளில் வருகிறார்களாம். சுத்தியால் திரையை உடைக்கிறார்கள். வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். கையுறை ஒன்றுதான், அதையும் முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய திரைக் கண்ணாடியில் ஈயம், தட்டைத் திரைக்குள் பாதரசம். ஈயம் தாயின் ரத்தம் வழியே பிள்ளையின் மூளைக்குப் போகும். இந்த வட்டாரத்தில் ஸ்கிராப் கான்ட்ராக்டுக்காகக் கொலை விழுந்திருக்கிறது. அதைப் பிரிக்கிறவளுக்கோ நாட்கூலிச் சீட்டுக் கூடக் கிடையாது.

இவர்களை விதி மறந்துவிட்டதா? 2016 விதியில் பிரித்தெடுக்கும் தொழிலுக்கென்று தனிப் பதிவு இருந்தது. புதிய விதியில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு கடமை மாநில சர்க்காரின் தலையில் இருக்கிறது: பிரித்தெடுக்கும் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், அவர்கள் குழுவாகத் தொழில் நடத்த உதவ வேண்டும், தொழிற்பேட்டைக்குள் இடம் ஒதுக்க வேண்டும். சிப்காட் அதிகாரிகளே, இருங்காட்டுக்கோட்டையிலும் பிள்ளைப்பாக்கத்திலும் வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் கம்பெனிக்காரன் கேட்டால் நூறு ஏக்கர் அளந்து கொடுக்கிறீர்கள். இவர்களுக்கு ஐந்து ஏக்கர் எங்கே?

2011 முதல் மாணவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த லாப்டாப்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். எத்தனையோ வீடுகளில் அவை பரண்மேல் தூங்குகின்றன. கூட்டுறவுப் பட்டறை ஒன்று திறந்தால் அதன் முதல் வேலை கையிலேயே இருக்கிறது. நோக்கியாவில் ஈயம் வைத்த பெண்கள் மேஸ்திரிகளாக உட்காரட்டும். காலனிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவர்கள் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் சோதிக்கட்டும். அந்தச் சோதனையின் பில்லை, கிலோவுக்கு 22 ரூபாய் அதிகம் என்று கோர்ட்டுக்குப் போன கம்பெனிகளுக்கு அனுப்பி வைக்கட்டும்.