கையெழுத்துக்கு முன் ஒரு பேச்சு

கரிசல் காட்டில் ஒரு பெண்பிள்ளை ஆளாகிவிட்டால் ஊருக்கெல்லாம் தெரியும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியைச் சுற்றிய சிற்றூர்களிலும் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வருவதை ஒலிபெருக்கி அறிவிக்கும். தெருமுனைப் பதாகையில் அவள் படம் நிற்கும். ஆயின், அவளுக்குப் பின்னாளில் வரக்கூடிய கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றித் தாயிடம் பேச முற்பட்டால் குரல்கள் தாழ்ந்துவிடுகின்றன. கூச்சம் நமது பண்பாடு என்போரிடம் நமக்கு உடன்பாடில்லை. எதற்குக் கூசுவது என்பதை நாம் நமது வசதிப்படியே தேர்ந்துகொண்டிருக்கிறோம்.

2025 மார்ச்சில் வந்த தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. அறிவித்த தங்கம் தென்னரசு அப்போது திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஊசி வந்துவிடும், பேச்சு வருமா என்பதே நமது கவலை.

இப்புற்றுநோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்னும் வைரஸ் என்பதைக் கண்டறிந்தமைக்காக ஹெரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் வழியே பரவும் இக்கிருமி உடலுக்குள் வருமுன் ஊசி போட்டாக வேண்டும்; ஆகவேதான் 9 முதல் 14 வயது. இந்த 'முன்' என்ற சொல்தான் பெற்றோரை உறுத்துகிறது. "எம் புள்ளைய என்னன்னு நெனச்சீங்க?" என்று கேட்கும் தந்தையை நாம் பழிக்க மாட்டோம். ஒழுக்கம் தவறாத பெண்ணுக்கும் கணவன் வழியே இக்கிருமி வரக்கூடும் என்பதை அவரிடம் எவரேனும் பொறுமையாகச் சொன்னதுண்டா?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்மம் சான்று. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்கு இத்தடுப்பூசி போடப்பட்டது. சிறுமியர் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி பரவ, 2010 ஏப்ரலில் எல்லாம் நிறுத்தப்பட்டன. அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணைக் குழு கருதவில்லை. ஆனால் ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்தில் பிழை காணாத இடத்திலும் நம்பிக்கை போயிற்று.

அந்த நிறுத்தத்தால் ஒரு விந்தையும் நிகழ்ந்தது. மதுரையைத் தாண்டி, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை உட்பட ஒன்பது இடங்களில் அப்போது நடந்துகொண்டிருந்த வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமியர் ஒரு தவணையோடு நிற்க நேர்ந்தது. பத்தாண்டுகள் கவனித்ததில் அந்த ஒற்றைத் தவணையே நல்ல காப்பளித்தது தெரியவந்தது. 2022இல் ஒரு தவணையும் போதும் என உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இந்த ஆய்வும் ஓர் ஆதாரம்.

ஆகவே நமது பள்ளிகளுக்கு ஒன்று சொல்வோம். பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். மல்லிகை பறிப்பவரும் மில்லுக்குப் போகிறவரும் தறியில் இருப்பவரும் அப்போது வர இயலாது. மாலையில், தெருவிலேயே வையுங்கள், தந்தையரையும் அழையுங்கள். மலடாக்கும் ஊசி என்ற வதந்தியை நீங்களே எடுத்துப் பேசி, அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லுங்கள். கை வலிக்கும், சிலருக்குத் தலைசுற்றும் என்பதையும் மறைக்காதீர்கள். வேண்டாம் என்பவரை மிரட்டாதீர்கள். மறுமுறை போய்ப் பேசுங்கள். படிவத்தின் தமிழ், படிப்பவருக்குப் புரியும் தமிழாக இருக்கட்டும். தமிழ் படித்த நம் போன்றோர் அதற்கேனும் பயன்படலாம்.

அக்கூட்டத்தில் தாயிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு: நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா? நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனைதான். அதே அம்பிளிக்கையைச் சார்ந்த கிராமங்களில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அச்சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை. ஊசி போட்ட மகளும் முப்பது கடந்தபின் இச்சோதனைக்கு வர வேண்டும்.