நெல் போகும் வழிக்கும் நிதி ஒதுக்க வேண்டும்

குறுவை அறுவடைக்கு இயந்திரம் பேசப் போனால் ஓட்டுநர் முதலில் என்ன கேட்கிறார்? ரகத்தைக் கேட்பதில்லை. "வண்டி வயல் வரைக்கும் வருமா? நடுவுல பாலம் ஏதும் உடைஞ்சு கெடக்கா?" என்றுதான் கேட்கிறார். உங்கள் பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு மழை பெய்துவிடுகிறது.

திருவிடைமருதூர் வட்டாரத்தில் இது யாருக்கும் புதிதல்ல. இதே வட்டத்தில் உள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்கி வருகிறது. அங்கிருந்து வந்த ஏடிடி 36, ஏடிடி 43, ஏடிடி 45 ரகங்கள் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் வயலிலிருந்து தார்ச்சாலைக்கு உள்ள கடைசி ஒரு கிலோமீட்டரை நெல் எத்தனை நாளில் கடக்கும் என்று எங்களைப் போன்ற விஞ்ஞானிகளால் சொல்ல முடிவதில்லை.

அந்தத் தாமதத்தின் விலையை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் தளர்வு கேட்டு, அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி நிறம் மாறும், முளைப்பும் கண்டுவிடும்.

நெல் வெளியே வருவது மட்டும் பிரச்சினை அல்ல. நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுங்கள் என்று நாங்கள் பரிந்துரைக்கிறோம். டிராக்டரில் இரண்டு மூன்று நடை அடிக்க வேண்டிய சுமை அது. ஒரு பயிற்சி முகாமில் ஒரு விவசாயி எழுந்து, "எங்க வயலுக்கு யூரியா மூட்டையே தலைச்சுமையாத்தான் போகுது. அஞ்சு டன் எருவை எப்படிங்க கொண்டு போறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உள்ளே தள்ளியிருக்கும் வயலில் மண்வளம் குறைந்துகொண்டே போவதற்குப் பாதையும் ஒரு காரணம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சாலைத் திட்டங்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளை இணைப்பதை இலக்காக வைத்தது. 2019-இல் அனுமதி பெற்ற அதன் மூன்றாம் கட்டத்தில் வேளாண் சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனைக்குச் செல்லும் முக்கியச் சாலைகள் சேர்ந்தன. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் ரூ.4,000 கோடியில் 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலைகள் என்று 2023 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இவை நல்ல திட்டங்கள். ஆனால் இவை ஊரை ஊரோடு இணைப்பவை. வயலில் யாரும் குடியிருப்பதில்லை. எனவே வயலுக்குப் போகும் வண்டிப்பாதை இந்தக் கணக்கில் வருவதில்லை.

ஊராட்சியின் கையிருப்பில் செய்யலாம் என்றால் அங்கும் இடம் குறைவு. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும். மீதி 40 சதவீதத்தில்தான் மற்ற தேவைகளோடு சாலையும் போட்டிபோட வேண்டும். தீர்வையோடு சேர்த்து வாங்கும் தலவரி ஊராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தீர்வையே சிறு தொகை என்பதால் தலவரியும் சிறு தொகைதான்.

இதே தஞ்சை மண்ணில் நிலவரியோடு சேர்த்து வாங்கிய வரிப் பணம் ஒரு ரயில் பாதைக்கே உதவியிருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட போர்டு அப்படித் திரட்டிய நிதியைக் கொண்டு அமைத்த மாயவரம் – முத்துப்பேட்டை பாதையில் 1894-இல் ரயில் ஓடியது. 1903-இல் அது அறந்தாங்கி வரை நீண்டது. நோக்கத்தைச் சட்டத்தில் எழுதி, அதற்கென்றே பணத்தைத் தனியாக வைத்தால் உள்ளாட்சி அமைப்பாலும் பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

ஆகவே நம் உள்ளாட்சிகளும் சட்டமன்றமும் மூன்று காரியங்களை முன்னுரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, பதிவு. வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதையாக இருப்பவற்றை ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் 'வயல் சாலை' என்ற தனி வகையாகச் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பாதைக்கு மதிப்பீடு தயாராகாது. வாய்க்கால் கரையில் போகும் பாதைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அவற்றைப் பராமரிக்க ஒன்றியத்துக்கு ஒரே முறையில் இசைவு தரும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, தாருக்கு முன் பாலம். பல இடங்களில் பாதை ஓரளவு நன்றாகவே இருக்கும். நடுவில் உள்ள குழாய்ப் பாலம்தான் உடைந்திருக்கும். அதைச் சீர்செய்தாலே வண்டி போகும். புதிதாகச் சாலை போடும் இடத்திலும் குழாயின் அளவையும் மட்டத்தையும் வடிகாலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மட்டம் உயர்ந்த சாலையில் குழாய் போதவில்லை என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சாலையே வயலுக்கு அணையாகிவிடும், சம்பா மூழ்கும்.

மூன்றாவது, கொள்முதலோடு சேர்ந்த நிதி. பஞ்சாபில் நெல், கோதுமையைக் கொள்முதல் செய்யும் நிறுவனம் சந்தைக் கட்டணமும் ஊரக வளர்ச்சிக் கட்டணமும் செலுத்தும் முறை உண்டு. கிராம இணைப்புச் சாலைகளுக்கு அந்தப் பணம் பயன்பட்டது. பணம் வேறு செலவுக்குப் போகிறது என்று மத்திய அரசு ஊரக வளர்ச்சிக் கட்டணத்தை நிறுத்திவைக்க, பஞ்சாப் அரசு 2023-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. நமக்கு இதில் பாடம் இருக்கிறது: பாதைக்கென்று வாங்கும் பணம் பாதைக்கே என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கொள்முதல் நிலையத்துக்கு ஒரு பருவத்தில் 40 கிலோ மூட்டை 20,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 8,000 குவிண்டால். குவிண்டாலுக்கு 10 ரூபாய் வீதம், விவசாயியின் விலையில் பிடிக்காமல், அரசு தனியாக ஒதுக்கினால் 80,000 ரூபாய். தார்ச்சாலைக்கு இது போதாது. ஆனால் பள்ளத்தில் கிராவல் கொட்டவும், சிதைந்த குழாயை மாற்றவும் ஒவ்வொரு பருவமும் கையில் பணம் இருக்கும்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. 2019-இல் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபையின் உரிமை போய்விடவில்லை. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும் அக்டோபர் 2-இல் நம்மில் பலர் குறுவை அறுவடையில் இருப்போம். அதனால் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றிவிடுங்கள். அதை வைத்துத்தான் மதிப்பீடு தயாரித்து, அடுத்த கோடையில், ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் மண்வேலையை முடிக்க முடியும்.

தீர்மானத்தில் 'சாலை வசதி வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். பாதையின் புல எண், நீளம், உடைந்த பாலம் இருக்கும் இடம், அந்த வழியை நம்பியிருக்கும் ஏக்கர், அங்கிருந்து வரும் மூட்டைக் கணக்கு ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். வேளாண் உதவி அலுவலர்களே, பயிர்ப் பரப்புக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அந்த வரிகளை எழுத விவசாயிக்குக் கைகொடுங்கள். ஒரு புது ரகத்தைப் பரப்புவதற்குச் சமமான வேலைதான் அது.