துணிக்காக மாறினார்களாம்!

தோழனே!

அரக்கோணத்தில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். நாவிலே நகைப்பும் நெஞ்சிலே நஞ்சும் கொண்ட ஒருவர் கேட்டார்: "சோற்றுக்கும் துணிக்கும் மதம் மாறியவர்கள்தாமே! அவர்களுக்காக நீர் ஏனய்யா கண்ணீர் வடிக்கிறீர்?"

ஆம், துணிக்காகத்தான்! எந்தத் துணிக்காக என்று அவர் கேட்டாரில்லை. நீ கேள், தோழனே!

1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தாயகம் சேர்ந்த கதை நமக்கு மனப்பாடம். அதற்கு முன்பே, 1956 நவம்பர் 1இல், நம்மோடு இணைந்த தெற்கெல்லைக் குமரி மண்ணின் கதை இது. அன்று அது திருவிதாங்கூர் மன்னரின் சீமை. நாடார் குலத்துப் பெண், மேல்சாதியார் எதிரே மார்பை மறைப்பது குற்றம்! ஆணுக்குத் தலைவரி, கூலியில்லா ஊழியம்!

1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷனின் சீர்திருத்தச் சபை வேர்விட்டது. பள்ளி வந்தது; எழுத்து வந்தது; குனிந்த தலை நிமிர்ந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாமென 1814இல் அனுமதி கிடைத்தது. அவர்கள் மேலாடையும் போர்த்தினர். பொறுப்பார்களா ஆதிக்கபுரியினர்? 1822இல் கல்குளம், இரணியல் வட்டாரங்களில் பெண்களின் ஆடையைக் கிழித்தனர். ஜெபக்கூடங்களுக்குத் தீ வைத்தனர். 1829இல் அரசே பிரகடனம் செய்தது: தோள்சீலை கூடாது, ஊழியவேலையும் தப்பாது! 1859 சனவரியில் மீண்டும் கலவரம், மீண்டும் நெருப்பு!

ஏசுவின்மீது கொண்ட சினமா அது? இல்லை! அதே அரசிலே சிரியன் கிறிஸ்தவர் நூற்றாண்டுக் கணக்கில் உடுத்தி, உயர்ந்து வாழ்ந்தனர். அவர்தம் ஆடையை எவர் கிழித்தார்? ஏசுவை ஏற்காத அய்யா வைகுண்டரை அதே அரசுதான் சிறையில் அடைத்தது. இந்து நாடார் பெண்கள் மேலாடை அணிந்தபோதும் அதே வெறியாட்டம்தான்! கிழிக்கப்பட்டது கிறிஸ்தவத்தின் ஆடையன்று. ஏவலுக்கு இருந்தவள் எழுந்து நின்றாளே, அவளுடைய ஆடை!

1859 சூலை 26இல் மன்னர் பணிந்தார். பணிந்தபோதும் பாரீர் கொடுமையை: எல்லா நாடார் பெண்களும் மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாதாம்!

2019இல் நடுவண் அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து, இந்தப் போராட்டத்தைச் சொன்ன உடை பற்றிய பாடம் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில், தமிழக முதலமைச்சராயிருந்த மு.க.ஸ்டாலினும் கேரள முதலமைச்சராயிருந்த பினராயி விஜயனும் ஒரே மேடையில் நின்று, தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டைப் போற்றினர். அழிக்கும் கை ஒன்று. எழுதும் கை ஒன்று. உன் கை எது?

மேடையில் கைதட்டுவது எளிது, தோழனே! உன் ஊர்ச் சேரியிலே, ஓலைக் கூரையின்கீழ் நாலு பேர் ஜெபிக்கிறார்கள். வாசலில் கும்பல் கூடிக் கூச்சலிடுகிறது. "நமக்கென்ன, நாம் கடவுள் மறுப்பாளர்" என்று ஒதுங்குவாயா? கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பும் சபையாரை நாம் கண்டிப்போம், கட்டாயம் கண்டிப்போம். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தையும் வைத்துக்கொள்வோம், நாளைக்கு! இன்றைக்கு அந்த வாசலுக்குப் போ. கும்பலுக்கும் கூரைக்கும் நடுவே நில்!