எழுத்தாளர் வருகிறார், விளக்குமாறு யார் கையில்?

அரசுப் பள்ளிக்குச் சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைப்பது நல்ல காரியம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வியெல்லாம் அவர் வருவதற்கு முந்தைய பத்து நாட்களைப் பற்றியது. அந்தப் பத்து நாளில் எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை கொடுக்கப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், தோழர்களே. அந்தத் தாள் ஊரின் சாதி அடுக்கோடு பொருந்திப் போனால், வருகிறவர் எவ்வளவு முற்போக்கானவர் என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வரவேற்புரை, நடனம், பூங்கொத்து எல்லாம் 'நல்லாப் பேசுற பிள்ளைகளுக்கு'. மைதானம் பெருக்க, பெஞ்சு தூக்க, தண்ணீர் சுமக்க 'சுறுசுறுப்பான பிள்ளைகள்'. யாரும் சாதிப் பெயரைச் சொல்லிப் பிரிப்பதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் இருக்கிற பிள்ளை மேடைக்கும், விடியும் முன்பே அம்மா உப்பளத்துக்குப் போய்விடுகிற பிள்ளை விளக்குமாற்றுக்கும் தானாகவே போய்ச் சேர்கின்றன. சமூகவியலில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள். பள்ளியில் இதற்குப் பெயர் 'திறமை'.

"பிள்ளைகள் பெருக்கினால் என்ன? உழைப்பு இழிவா?" என்று கேட்பவர்கள் உண்டு. இழிவில்லை. அப்படியானால் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும் பெருக்கட்டும். ஆசிரியர்களும் ஆளுக்கொரு விளக்குமாறு எடுக்கட்டும். கழிப்பறைக்குச் சம்பளம் வாங்கும் பணியாளர் வரட்டும். உழைப்பின் மேன்மை குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்கு மட்டும் பாடமாக நடத்தப்படும்போதுதான் அது சாதி ஆகிறது. இது கற்பனை அச்சமில்லை. 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வழக்குப் பதிவாகி, தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கே வருவோம். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. கனிமொழி எம்.பி., அமைச்சர் கீதா ஜீவன், ஆட்சியர் ஆகியோர் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போனது சரி. ஆனால் விருந்தாளி இருக்கும் நேரத்தில் எல்லாப் பள்ளியும் சமத்துவப் பள்ளிதான். விருந்தாளியின் கார் கிளம்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் போன மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று 2019-இல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அதே கயிற்றைத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் போனது ஐந்து வருடம்.

இந்தக் கயிற்றைப் பற்றியே சிறாருக்குக் 'கயிறு' என்று கதை எழுதியவர் விஷ்ணுபுரம் சரவணன். 2025-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர். 2023-இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கர் நம் கோவில்பட்டிக்காரர். இப்படிப்பட்டவர்களை அழைத்துவிட்டு, கயிறு கட்டிய கையால் அவர்களுக்கு மாலை போட வைத்தால் அதைவிட அவமானம் வேறில்லை.

மாப்பிள்ளையூரணி, தருவைகுளம் வட்டாரத்தில் வேலை செய்யும் இளம் தோழர்களுக்குச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று, எழுத்தாளரின் புத்தகம் ஒரு மாதம் முன்பே எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் போக வேண்டும். நூலக அலமாரிச் சாவி ஆசிரியரின் மேசைக்குள் தூங்கக் கூடாது.

இரண்டு, கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கும் கேள்வி வேண்டாம். யார் கேட்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

மூன்று, முன்வரிசை பிரமுகர்களுக்கு அல்ல. பள்ளியில் தனியாகச் சாக்கில் உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் அம்பேத்கர். பள்ளியில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை நாம் சின்ன விஷயமாக விட முடியாது.

நான்கு, நிகழ்ச்சியை அளத்து வேலை முடிந்து பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளத் தொழிலாளர்களைத் தேடி வந்து, கேட்டு, 'கரிப்பு மணிகள்' எழுதினார். வருகிற எழுத்தாளரும் கொஞ்ச நேரம் கேட்கட்டும். நம் பிள்ளைகளிடம் சொல்லக் கதை இருக்கிறது.

"ஒரு நாள் விழாவில் இவ்வளவு பார்க்க வேண்டுமா?" என்பார்கள். பார்க்க வேண்டும். பிள்ளைகள் அன்று படிப்பது எழுத்தாளரை மட்டுமல்ல, நம்மையும்தான். மேடையில் சமத்துவக் கதை கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் அதே நாலு பிள்ளைகள் நாற்காலி அடுக்கப் போனால், அவர்கள் மனதில் எந்தக் கதை நிற்கும்?

விழாவுக்கு மறுநாள் காலை ஒரு நடை பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். விளக்குமாறு யார் கையில், புத்தகம் யார் கையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் பேச அது போதும்.

ஜெய் பீம்.